படம் திருத்தக் கற்றுத்தரும் புத்தகங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

நம் சிங்கப்பூர் புகைப்படக் குழுவில் வந்த கேள்விகளில், லைட்ரூம், போட்டோஷாப் போன்ற படம் திருத்தும் மென்பொருள்களுக்கான புத்தகங்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். லென்ஸ் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது இன்னொரு நாள்.

ஈசூனிலிருந்து: அக்கா, பிராஸ் பசாவில் பழைய லைட்ரூம் புத்தகம் ஒன்று ஐந்து வெள்ளிக்குப் பார்த்தேன். வாங்கலாமா?

அட்டையை விடுங்கள் தம்பி. உள்ளே கணினித் திரையைப் படம் பிடித்துப் போட்டிருக்கும் பக்கங்களைப் புரட்டுங்கள். வலப்பக்கம் ‘ரிக்கவரி’, ‘ஃபில் லைட்’ என்ற ஸ்லைடர்கள் தெரிந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். 2012ல் வந்த லைட்ரூம் 4 அவற்றை நீக்கிவிட்டு ஹைலைட்ஸ், ஷேடோஸ், வைட்ஸ், பிளாக்ஸ் என்று கொண்டுவந்தது. பெயர் மட்டும் மாறவில்லை, வேலை செய்யும் விதமே மாறியது. அந்தப் புத்தகத்தில் உள்ள எண்களை இன்று போட்டுப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது.

அதில் தேறினால் இரண்டாவது சோதனை. ஹிஸ்டோகிராமுக்கு (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) கீழே உள்ள கருவி வரிசையைப் பாருங்கள். கிராஜுவேட்டட் ஃபில்டர், ரேடியல் ஃபில்டர், பிரஷ் மூன்றும் தனித்தனி ஐகானாக இருந்தால் அது 2021 அக்டோபருக்கு முந்திய புத்தகம். அந்த மாதம் வந்த வெர்ஷனில் இவை எல்லாம் படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த உதவும் மாஸ்கிங் என்ற ஒரே பேனலுக்குள் போய்விட்டன. வானத்தை மட்டும், ஆளை மட்டும் ஒரே கிளிக்கில் பிரித்தெடுக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது. புதிதாகக் கற்பவருக்கு அந்த அத்தியாயம் இல்லாமல் முடியாது. ஐந்து வெள்ளிதானே என்று வாங்கினால், இல்லாத பட்டனைத் தேடியே உங்கள் சனிக்கிழமை போய்விடும்.

அதே தம்பி: அப்போ பழைய போட்டோஷாப் புத்தகங்களும் குப்பையா?

அப்படி இல்லை. படத்தின் மேல் தாள்போல் அடுக்கித் திருத்தும் லேயர் 1994ல் வந்தது, அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 1996ல். கர்வ்ஸ், மாஸ்க், பிளெண்டிங் எல்லாம் அடிப்படையில் இன்றும் அதேதான். இவற்றை நிதானமாக விளக்கும் பத்து, பதினைந்து வருடப் பழைய புத்தகம் கிடைத்தால் நான் தாராளமாக வாங்குவேன். முடியைச் சுற்றி வெட்டுவது, பின்னணியை மாற்றுவது, வேண்டாத ஆளை நீக்குவது ஆகிய அத்தியாயங்களை மட்டும் தாண்டிவிடுங்கள். 2023ல் செயற்கை நுண்ணறிவே படத்தின் பகுதியை நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் வந்த பிறகு அந்த வேலை பாதி வேறு ஆகிவிட்டது.

பொங்கோலிலிருந்து: புத்தகத்தில் சொன்ன மெனு எதுவும் என் லைட்ரூமில் இல்லை. புத்தகம் தப்பா, நான் தப்பா?

இரண்டும் இல்லை. 2017 அக்டோபரில் அடோபி லைட்ரூமை இரண்டாகப் பிரித்தது. கணினியில் படங்களை வைத்து, கேட்டலாக் என்ற பட்டியல் மூலம் வேலை செய்யும் பழையது ‘லைட்ரூம் கிளாசிக்’ ஆனது. கைப்பேசியிலும் ஓடும், கிளவுடை நம்பிய புதியதுக்கு வெறும் ‘லைட்ரூம்’ என்ற பெயர் போனது. இந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. உங்கள் திரையின் மேல் மூலையில் ‘லைப்ரரி’, ‘டெவலப்’ என்று வரிசையாக இருந்தால் அது கிளாசிக். புத்தகத்தின் பின்னட்டையில் எதற்கென்று எழுதியிருக்கிறார்கள் எனப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2017க்கு முந்திய புத்தகமாக இருந்தால் ‘லைட்ரூம்’ என்று மட்டும் போட்டிருந்தாலும் அது கிளாசிக்கின் மூதாதைதான்.

செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி: புத்தகத்தில் சொன்னபடியே முகத்தைத் திருத்துகிறேன். அங்கே அழகாக வருகிறது. என் தைப்பூசப் படங்களில் எல்லார் முகமும் சாம்பல் பூத்தது போல் ஆகிறது. ஏன்?

இதைக் கேட்டதற்கு நன்றி. நிறையப் பேர் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டு கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஃபிலிம் காலத்தில் கோடாக் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி கார்டு’ என்ற அளவுப் படத்தில் வெள்ளைக்காரப் பெண்தான் பல காலம் இருந்தார். அவர் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. ஆங்கிலத்தில் வரும் பல திருத்தப் புத்தகங்களில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. மாதிரி முகங்கள் எல்லாம் வெளிர் நிறம். சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சள் இந்த விகிதத்தில் இருந்தால் தோல் சரி என்று ஒரு சூத்திரம் கொடுத்திருப்பார்கள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சயான் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்தச் சூத்திரத்துக்கு இழுத்தால் முகம் செக்கச்செவேல் என்று ஆகும். ‘ஆரஞ்சு லூமினன்ஸை (பிரகாசத்தை) ஏற்று, சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) குறை’ என்பது இன்னொரு பிரபல யோசனை. அதை நம் முகத்தில் செய்தால் நீங்கள் சொன்ன அந்தச் சாம்பல்தான் வரும். முதலில் சாச்சுரேஷனைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள், பாதி சரியாகிவிடும்.

மீதிப் பாதி வெளிச்சம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு போகும் வழியில் விடிவதற்கு முன் எடுத்த படம் என்றால், ஒரே முகத்தில் மஞ்சள் தெருவிளக்கும் பந்தலின் வெள்ளை எல்இடியும் கலந்து விழுந்திருக்கும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு, எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் டிராப்பரை எடுத்து நெற்றியில் உள்ள விபூதியில் கிளிக் பண்ணுங்கள். கிட்டத்தட்ட நிறமே இல்லாத வெளிர் சாம்பல் அது. முகத்தில் விழும் அதே வெளிச்சம்தான் அதன் மேலும் விழுகிறது. ரொம்பப் பிரகாசமாக வெளுத்துப் போன இடத்தைத் தவிர்த்து, கொஞ்சம் மங்கலான இடத்தில் வையுங்கள். சந்தனத்தில் வைத்துவிடாதீர்கள், படமே நீலமாகிவிடும்.

புத்தகம் வாங்கும்போது போர்ட்ரெயிட் அத்தியாயத்தைத் திறந்து, நம்மைப் போன்ற தோல் நிறத்தில் ஒருவராவது இருக்கிறாரா பாருங்கள். இல்லாவிட்டாலும், ஸ்லைடரை ஏன் நகர்த்துகிறோம் என்று காரணம் எழுதியிருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். ‘பிளஸ் 20, மைனஸ் 15’ என்று எண்களை மட்டும் அடுக்கியிருந்தால் வேண்டாம்.

உட்லண்ட்ஸிலிருந்து: அடுத்த மாதம் சென்னை போகிறேன். அங்கே மலிவாகக் கிடைக்குமே, வாங்கி வரலாமா? தமிழில் இருக்கிறதா?

ஆங்கிலப் புத்தகங்களின் மலிவுப் பதிப்புகளில் சில கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருக்கும். ‘இடப்பக்கப் படத்தைவிட வலப்பக்கம் சற்று வெதுவெதுப்பாக இருப்பதைக் கவனியுங்கள்’ என்று எழுதியிருக்கும், இரண்டு பக்கமும் ஒரே சாம்பல். கடையில் நின்று பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கறுப்பு வெள்ளை கிண்டிலுக்கும் இதே கதைதான். மின்னூலை டேப்லெட்டில் படியுங்கள்.

தமிழில் உண்டு. நான் புரட்டியவை பெரும்பாலும் ஸ்டூடியோ, டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) தொழிலுக்கானவை: பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், பத்திரிகை வடிவமைப்பு. லேயரும் செலக்‌ஷனும் பழக அவை போதும். கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைலைத் திருத்த உதவாது.

ஜூரோங்கிலிருந்து: மாதச் சந்தா கட்ட மனசில்லை. ஜிம்ப்புக்கு நல்ல புத்தகம்?

இப்போதைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இலவச மென்பொருளான ஜிம்ப்பின் 3.0 வெர்ஷன் 2025 மார்ச்சில் வந்தது. ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பப் போய் மாற்றும் வசதி அதில்தான் வந்தது. கடையில் உள்ளவை பெரும்பாலும் 2.10 காலத்தவை. ஜிம்ப்புக்கும், ரா படங்களைத் திருத்தும் இன்னொரு இலவச மென்பொருளான டார்க்டேபிளுக்கும் அவர்களே எழுதிய கையேடுகள் இணையத்தில் இலவசம். டார்க்டேபிள் கையேடு கொஞ்சம் பொறியியல் பாடம் போல இருக்கும், பயப்படாதீர்கள். படம் திருத்தும், வடிவமைக்கும் அஃபினிட்டி என்ற மென்பொருளும் 2025 இறுதியில் இலவசமாகி, மூன்று செயலிகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அதனால் பழைய அஃபினிட்டி போட்டோ புத்தகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிடோக்கிலிருந்து: அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், பேரப்பிள்ளைகள் படத்தைத் திருத்தினால் போதும் என்கிறார்.

போட்டோஷாப்பின் எளிய வடிவமான போட்டோஷாப் எலிமென்ட்ஸ். படிப்படியாகக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் ‘கைடட்’ பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. 2025 வெர்ஷனிலிருந்து மூன்று வருட உரிமம்தான், அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புத்தகம் வாங்கினால் எழுத்துப் பெரிதாகவும், மேசையில் விரித்தால் தானாக மூடிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். ஒரு கை மவுஸில் இருக்கும்.

தோ பாயோவிலிருந்து: நூலகத்தில் தேடினால் இரண்டு மூன்றுதான் கிடைக்கிறது.

நீங்கள் ஒரு அலமாரியோடு திரும்பியிருப்பீர்கள். நூலக வகைப்பாட்டு எண்ணில் புகைப்படக்கலை 770 வரிசையில் இருக்கும். மென்பொருள் புத்தகங்களில் பல கணினிப் பக்கம், 006.6ல் உட்கார்ந்திருக்கும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள மத்தியப் பொது நூலகத்தில் இரண்டையும் பாருங்கள், அப்புறம் நூலக மின்னூல்களை இரவல் எடுக்கும் லிபி செயலியிலும் தேடுங்கள். இரவல் எடுத்த மூன்று வாரத்தில் ஒரு அத்தியாயத்தையாவது உங்கள் சொந்தப் படத்தை வைத்துச் செய்து பாருங்கள். செய்ய முடிந்தால் வாங்கலாம்.

அங் மோ கியோவிலிருந்து: ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் புத்தகம் வாங்க முடியுமா?

முடியாது, அரசு தரும் அந்தப் பயிற்சிப் பணம் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்புகளுக்கு மட்டும்தான். வகுப்பில் சேர்வதாக இருந்தால், கிளாசிக்கா மற்றதா, எந்த வெர்ஷனில் நடத்துகிறார்கள் என்று பதிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.