வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பித்தல்: மேற்படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு

கல்லூரி வாசல் கைகலப்பில் மகன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் சேர்ந்துவிட்டது. ஜெர்மனியில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது, பாஸ்போர்ட்டோ காலாவதியாகப் போகிறது. இந்த நிலையில் இருக்கும் பெற்றோர் வக்கீலைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது, வழக்கு போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறதா, கோர்ட்டுக்குப் போய்விட்டதா என்பதைத்தான்.

1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம், பிரிவு 6(2)(எஃப்), ‘குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில்’ இருந்தால்தான் பாஸ்போர்ட்டை மறுக்கச் சொல்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆர்., போலீஸ் விசாரணை நடக்கிறது என்றால் அது இதில் வராது. வெளியுறவு அமைச்சகம் 10.10.2019 குறிப்பாணையிலும் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) தாக்கலாகி, மாஜிஸ்திரேட் அதை விசாரணைக்கு ஏற்றுக் கோப்பில் எடுத்த பிறகே தடை தொடங்குகிறது. கோர்ட் வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் ஸ்டேஷன் பெயரும் எஃப்.ஐ.ஆர். எண்ணும் கொடுத்துத் தேடுங்கள். சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்ற கோர்ட் வழக்கு எண் விழுந்திருந்தால் வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று போலீஸ் முடித்திருந்தால் அந்த அறிவிப்பின் நகலை வாங்கி வையுங்கள்.

விண்ணப்பத்தில் கோர்ட் வழக்கு உண்டா என்று கேட்கும் இடத்தில் ‘இல்லை’ போடச் சொல்லும் ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். போலீஸ் வெரிஃபிகேஷனில் வழக்கு தெரிந்துவிடும். தகவலை மறைப்பது பிரிவு 12-ன்படி தனிக் குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்ன அடிதடி வழக்கை விட இது பெரிய தலைவலி.

வழக்கு கோர்ட்டில் இருந்தால் வழி, 25.8.1993 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) என்ற மத்திய அரசு அறிவிக்கை. விசாரணை நடக்கும் கோர்ட் வெளிநாடு செல்ல அனுமதித்தால் பாஸ்போர்ட் தரலாம் என்கிறது அது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கோர்ட் உத்தரவில் பாஸ்போர்ட்டுக்கு எத்தனை ஆண்டு என்று இருந்தால் அத்தனை ஆண்டு கிடைக்கும். பாஸ்போர்ட்டுக்கும் பயணத்துக்கும் காலமே சொல்லாவிட்டால் ஓராண்டுதான். பயணம் மட்டும் ஓராண்டுக்கு மேல் அனுமதித்திருந்தால் அந்தப் பயணக் காலம் வரை. இரண்டு வருடப் படிப்புக்கு ஓராண்டு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விசாவுக்கும் தங்கும் அனுமதிக்கும் அல்லாடத்தான் வேண்டியிருக்கும். ஆகவே அந்தக் கோர்ட்டில் வக்கீல் போடும் மனுவில் ‘பத்தாண்டுக்குப் புதுப்பிக்க ஆட்சேபணை இல்லை’ என்பதைத் தனிக் கோரிக்கையாகவும், படிப்புக் காலம் முழுதும் வெளிநாட்டில் இருக்க அனுமதியை இன்னொன்றாகவும் கேட்கச் சொல்லுங்கள். வாய்தாக்களுக்கு (வழக்கு விசாரணைத் தேதிகளுக்கு) நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கும் வேண்டும். பிள்ளை அங்கே இருக்க இங்கே வாரண்ட் பிறந்தால் எல்லாம் வீண். அட்மிஷன் கடிதம், படிப்புக் கால அளவு, பழைய பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகல் கைக்கு வந்த பிறகு விண்ணப்பியுங்கள். கோர்ட் அழைத்தால் வருவேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதிக்குள் பதில் தர வேண்டும். சும்மா விட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம், அல்லது ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம்.

எதிர்த்தரப்பு சமரசத்துக்குத் தயார் என்றால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 528-ன் கீழ் வழக்கையே ரத்து செய்ய ஹைகோர்ட் போவது மேல். கொஞ்சம் செலவுதான், ஆனால் பி.சி.சி. (போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று), வேலைக்கான சரிபார்ப்பு ஆகியவற்றுக்கும் அது உதவும். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் முடிந்தது’ என்று கோர்ட் வராண்டாவில் சொல்வார்கள். நிலுவை தீரும், பாஸ்போர்ட்டும் வரும். ஆனால் அது தண்டனை. விசா படிவத்திலும் அரசு வேலைப் படிவத்திலும் ‘எப்போதாவது தண்டிக்கப்பட்டீர்களா’ என்ற கேள்விக்கு மகன் இனி ‘ஆம்’ என்றே எழுத வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் இதை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.