பெண் பிள்ளைகளுக்குப் போட்டி மனசு கிடையாதா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறோம். 12 வயது மகள் கேரம் நன்றாக ஆடுவாள். டோர்னமென்ட் என்றால் மட்டும் வரமாட்டேன் என்கிறாள். "பொண்ணுங்களுக்கு இயல்பிலேயே போட்டி மனசு கிடையாது, சைக்காலஜியே சொல்லுது" என்கிறார் என் அண்ணன். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அண்ணன் சொல்வதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. மேற்கு நாடுகளில் நடந்த பல ஆய்வுகளில் போட்டியில் இறங்க முன்வந்தவர்கள் ஆண்களே அதிகம். ஆனால் அதை 'இயல்பு' என்று சொல்வதற்கு, வேறு விதமாக வாழும் மக்களிடமும் அதே முடிவு வர வேண்டும் இல்லையா?

2009-இல் வெளியான ஓர் ஆய்வு அதைத்தான் சோதித்தது. 3 மீட்டர் தள்ளி ஒரு வாளி. டென்னிஸ் பந்தை 10 முறை அதில் எறிய வேண்டும். விழுகிற ஒவ்வொரு பந்துக்கும் காசு வாங்கிக்கொள்ளலாம். அல்லது முகம் தெரியாத ஒருவரோடு மோதி, ஜெயித்தால் மூன்று மடங்கு. எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆண் கை ஓங்கிய தான்சானியா மசாய் மக்களில் ஆண்கள் 50%, பெண்கள் 26% போட்டி கேட்டார்கள். சொத்து தாய்வழியில் இறங்கும் நம் மேகாலயாவின் காசி பழங்குடி மக்களிடம் பெண்கள் 54%, ஆண்கள் 39%!

இதை வைத்து எல்லாமே வளர்ப்புதான் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு சமூகங்களுக்குள் வேறு எத்தனையோ வித்தியாசங்கள் உண்டு. அதோடு இவை எல்லாம் கூட்டத்தின் கணக்கு. மசாய் பெண்களிலும் 26 சதவீதம் பேர் போட்டி கேட்டார்களே. உங்கள் மகள் எந்தப் பக்கம் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது.

அவளை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். ஆய்வாளர்கள் செய்வது போல ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் பெண்கள் மட்டும் ஆடும் ஆட்டம். அடுத்து, அதே பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லாமல். அப்புறம் டபுள்ஸ். எப்போது ஸ்ட்ரைக்கரைத் தயங்காமல் அடிக்கிறாள், எப்போது கை பின்வாங்குகிறது என்று குறித்து வையுங்கள். தடையாக இருப்பது போட்டியாக இல்லாமல், சுற்றி நிற்பவர்களின் பேச்சாகவும் இருக்கலாம். அண்ணனிடம் அவள் காதுபட இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2008-இல் கேரம் உலக சாம்பியனான இளவழகி உங்கள் வியாசர்பாடிக்காரர். 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா பக்கத்தில் புதுவண்ணாரப்பேட்டை. பெண்கள் டோர்னமென்ட் நடக்கும்போது ஒரு நாள் சும்மா பார்க்கக் கூட்டிப்போங்கள், பேர் கொடுக்கச் சொல்லாமல்.