தமிழ் மீம் போடப் பழகுகிறேன். டெம்ப்ளேட்டை (மீமுக்கு அடிப்படையாகும் காட்சிப் படத்தை) எப்படித் தேர்வது? தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

முகத்தைத் தேடாதீர்கள். யார் யாரிடம் மாட்டிக்கொண்டார் என்று பாருங்கள். சிரிக்கிற வடிவேலு கிடைத்துவிட்டார் என்பதற்காக மேட்டர் தேடுவதில்தான் புது ஆட்கள் சொதப்புகிறார்கள்.

'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காமெடியில் கவுண்டமணி கேட்பது இன்னொரு பழத்தை. செந்தில் எத்தனை முறை கேட்டாலும் சொல்வது ஒரே பதில். ஆக அது அடிதடி டெம்ப்ளேட் இல்லை. ரீஃபண்ட் எங்கே என்றால் சொன்னதையே சொல்கிறவர்களுக்கானது. ஒரு முகத்தில் 'நான்', இன்னொன்றில் 'கஸ்டமர் கேர்'. அவ்வளவுதான். வசனத்தைக் கீழே எழுதவே கூடாது. பார்ப்பவர் காதில் அது தானாக ஓடும், எழுதினால் கோனார் உரை ஆகிவிடும். 2019 மே கடைசியில் வடிவேலுவின் நேசமணி பாத்திரம் ட்ரெண்டானபோது படம்கூடத் தேவைப்படவில்லை. சுத்தியலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று ஒரு ஃபேஸ்புக் பேஜ் கேட்க, 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) வடிவேலு தலையில் விழுந்த சுத்தியலை ஒருவர் பதிலில் இழுத்துவிட்டார். மற்றதை ஊரே பார்த்துக்கொண்டது.

வீடியோவிலிருந்து ஃப்ரேம் (ஒற்றைப் படம்) எடுக்க விஎல்சி பிளேயர் போதும். காட்சியை நிறுத்தி 'ஈ' (E) விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். ஷிஃப்ட்டும் 'எஸ்'ஸும் சேர்த்து அழுத்தினால் படம் சேவ் ஆகும். கை வீசும் நொடி மங்கலாகத்தான் வரும், அடி விழுந்த அடுத்த ஃப்ரேமை எடுங்கள். நண்பரிடம் டெம்ப்ளேட் கேட்டால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் சுருங்கி, எழுத்தோரம் புள்ளி புள்ளியாகும்.

அளவு 1080×1350 வையுங்கள். மேலே 135 பிக்சல் வெள்ளைப் பட்டை விட்டால், மீதியில் இரண்டு 16:9 ஃப்ரேம் கச்சிதமாக உட்காரும். பட்டையில் இரண்டு வரிக்கு மேல் நுழையாது. நல்லதுதான்!

'கொ' என்பதில் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உடைந்தால் குற்றம் ஃபான்ட் மேல் இல்லை. பழைய போட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸஸ், டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் இன்ஜினை 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என மாற்றுங்கள் (சில பதிப்பில் 'வேர்ல்ட்-ரெடி'). மூடித் திறந்து புது ஃபைலில் தட்டுங்கள். பாமினி ஃபான்ட் கதை வேறு: அது யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. யூனிகோடில் தட்டியதைக் கன்வெர்ட்டரில் பாமினிக்கு மாற்றி ஒட்டினால்தான் தமிழாகத் தெரியும். போனில் பிக்ஸல்லேப் ஆப் என்றால் உங்களுக்குப் பிடித்த யூனிகோடு ஃபான்ட்டை ஏற்றிக்கொள்ளலாம்.

வாட்டர்மார்க்கை (உங்கள் பெயர் முத்திரையை) மூலையில் போட்டால் ஒரே வெட்டில் போய்விடும். இரண்டு ஃப்ரேமும் சேரும் கோட்டின்மேல், முகத்தை ஒட்டி மங்கலாகப் போடுங்கள். அதை அழிக்கப் போகிறவர் முகத்தையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டியிருக்கும்.