வாந்தி நிற்கும்வரை வயிற்றைக் காயப் போடுவதா, குளுக்கோஸ் ஏற்றுவதா?

உங்கள் இரண்டு வயதுக் குழந்தை குடிப்பதையெல்லாம் வாந்தியெடுப்பதால் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என நினைக்கிறேன். நான் மருத்துவரில்லை; இது எங்கள் குழந்தை மருத்துவர் சொல்லிச் செய்தது என்பதைக் குறை சொல்லக் காத்திருப்போர் கவனிக்கவும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டுமே தேவைப்படுவதில்லை.

என் மகளுக்கு வயிற்றுப்போக்கோடு வாந்தியும் வந்தபோது, "எது கொடுத்தாலும் தங்காது, கொடுக்காதே" என்று மாமியார் தடுத்தார். மருத்துவரோ, வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் புகட்டச் சொன்னார். "ஒரு கரண்டி எந்த மூலைக்கு?" என்று மாமியார் சலித்துக்கொண்டார். கரண்டிக்கு 5 மில்லி என்றால் மணிக்கு 150 மில்லி உள்ளே போகிறதே! அதில் ஒரு பங்கு வெளியே வந்தாலும் மிச்சம் உடலில் சேர்ந்துவிடுகிறது. அவள் தாகத்தில் டம்ளரைப் பிடுங்க வந்தபோதும் நான் கொடுக்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்ற பெயர்தான் கிடைத்தது.

வாந்தியை நிறுத்தும் மருந்து பற்றி: ஒண்டான்செட்ரானை எடைக்கேற்ப ஒரு வேளை மட்டும் மருத்துவர் கொடுப்பதுண்டு. குழந்தை கரைசலைக் குடிப்பதற்கு அது வழிசெய்கிறதே தவிர, கரைசலுக்கு மாற்றாகாது. போன முறை மிஞ்சிய சிரப்பை எடுத்து ஊற்றாதீர்கள். புரோமெத்தசின் என்ற வாந்தி மருந்து இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கவே கூடாதது.

மருந்துக்கடைக்காரர்மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஓஆர்எஸ் கேட்டால், அந்தப் பெயரைப் பெரிதாக அச்சிட்ட பழரச டப்பாவை நீட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளுக்கோசும் இருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த பானமோ குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களுக்கு அந்தப் பெயரைத் தடைசெய்தது. ஆகவே ஓஆர்எஸ் தூள் பொட்டலத்தையே கேட்டு வாங்கி, அதில் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரையுங்கள்.

வாந்தி பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாவிட்டாலும், கண்கள் குழிவிழுந்து குழந்தை துவண்டு கிடந்தாலும் கரண்டியோடு உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்போது குளுக்கோஸ் ஏற்றச் சொன்னால் மறுக்க வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் அதையும் நிறுத்தாதீர்கள்.