ஆர்டுயினோ நானோ போர்டைக் கணினியில் செருகினால் 'அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று வருகிறது. டிரைவர் போட்டும் சரிவரவில்லை, என்ன செய்யலாம்?

டிரைவரை, அதாவது போர்டோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருளை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யப் பழக்கும் வகுப்பொன்றில் உதவி செய்கிறேன். அங்கேயும் இதே முறைப்பாடு அடிக்கடி வரும், எல்லோரும் முதலில் டிரைவரைத்தான் மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஆனால் இந்தச் செய்தி சொல்லும் கோளாறு டிரைவரின் முறை வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

போர்டைச் செருகியதும் அதிலுள்ள யூஎஸ்பி சிப், இரண்டு டேட்டா வயர்களில் ஒன்றின் மின்னழுத்தத்தை 1.5 கிலோ ஓம் தடை வழியாக உயர்த்திப் பிடிக்கும். ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்று கணினிக்குத் தெரிவது அதனால்தான். உடனே அது ரீசெட் கொடுத்து, நீ யார் என்று கேட்கும். போர்டு 18 பைட் விவரம் ஒன்றை அனுப்ப வேண்டும். தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும், அதாவது விஐடியும் பிஐடியும், அதற்குள்தான் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் விண்டோஸ் டிரைவரைத் தேடுகிறது. விவரமே வராவிட்டால் எதை வைத்துத் தேடும்?

ஆகவே முதலில் அந்த எண்களைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடீஸ். 1ஏ86, 7523 என்று இருந்தால் போர்டிலுள்ள யூஎஸ்பி சிப் சீஎச்340 வகை, அது தன்னைச் சரியாகச் சொல்லிவிட்டது, அப்போது டிரைவரைப் பார்க்கலாம். 0403, 6001 என்றால் அது எஃப்டிடிஐ என்ற வேறு நிறுவனத்தின் யூஎஸ்பி சிப், அதற்குச் சீஎச்340 டிரைவர் எத்தனை தரம் போட்டாலும் பொருந்தாது. 0000, 0002 என்று இருந்தால் அது போர்டின் எண்ணே அல்ல. விவரம் கிடைக்காததால் விண்டோஸ் தானாக இட்டது. உங்களுக்கு அநேகமாக இதுதான் இருக்கும்.

அப்படியானால் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். போர்டில் லைட் எரிகிறதே என்று நம்பாதீர்கள், மின்சாரம் போவது வேறு இரண்டு வயர்களில். சார்ஜுக்கு மட்டுமான கேபிள் என்றால் கணினி பொதுவாக எந்தச் சலனமும் காட்டாது. 'அன்நோன்' என்றாவது சொல்கிறது என்றால், உயர்த்தப்பட்ட அந்த ஒரு வயர் தொடுகிறது, மற்றது அறுந்தோ தொட்டும் தொடாமலோ இருக்கலாம். குருநகர், பருத்தித்துறை போலக் கடற்காற்றுப் படும் இடங்களில் கேபிள் முனையில் கறள் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டேட்டா போகும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு குட்டைக் கேபிளை, ஹப் இல்லாமல் நேரடியாகக் கணினியில் செருகுங்கள். போர்டில் பூட்டிய சேர்வோ மோட்டர், சென்சர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தன்னை அறிமுகப்படுத்தி முடியும் வரை ஒரு யூஎஸ்பி 2.0 கருவி 100 மில்லிஅம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது. மோட்டர் அதைவிடக் கூட இழுத்தால் மின்னழுத்தம் விழுந்து, சிப் பதில் சொல்லும் நடுவிலேயே நின்றுபோகும்.

வேறு கணினியிலும் இதே செய்திதான் வந்தால் போர்டைப் பாருங்கள். சீஎச்340ஜி சிப்பின் பக்கத்தில் 12 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று இருக்கும். அதன் சோல்டர் விட்டுப்போனால் சிப்புக்கு நேரக்கணக்கு இல்லை, சரியான பதிலும் வராது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் திரும்பச் சோல்டர் பிடிக்கலாம்.

எல்லாம் சரிவந்த பிறகும் ஒன்று கவனியுங்கள். சீஎச்340 போர்டுகள் பெரும்பாலும் தங்களுக்கென்று சீரியல் எண் சொல்வதில்லை. அதனால் வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய போர்டாக எண்ணி வேறு காம் எண், அதாவது அந்த இணைப்புக்குக் கணினி இடும் எண், கொடுத்துவிடும். அப்லோட் செய்யுமுன் ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில், 'போர்ட்' என்ற இடத்தில் அந்தக் காம் எண்ணை ஒருக்கால் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.