அண்ணாச்சி பதில்கள்: அமெரிக்காவுக்கு ஏன் ஐரோப்பா மேல இம்புட்டு கவலை?

கேள்வி: அண்ணாச்சி, 2025 டிசம்பர்ல அமெரிக்கா விட்ட தேசியப் பாதுகாப்பு வியூகத்துல ஐரோப்பாவோட நாகரிகமே அழியப் போகுதுன்னு எழுதிருக்காமே. பாதுகாப்புன்னா ராணுவம், ஏவுகணைதானே? எங்க மச்சான் ஜெர்மனில இருக்கான், அவனுக்கு எதும் சிக்கல் வருமா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: மொதல்ல அது என்ன பேப்பர்னு சொல்லிருதேன். 1986ல கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ்னு ஒரு சட்டம் போட்டாவ, அதுப்படி நாட்டுக்கு என்ன ஆபத்து, என்ன செய்யப் போறோம்னு ஜனாதிபதி எழுதி அவங்க பார்லிமென்ட்டுக்குக் குடுக்கணும். வருசா வருசம் குடுக்கணும்னுதான் சட்டம், ஆனா இப்பல்லாம் ஒரு ஆட்சிக்கு ஒண்ணு வந்தாலே பெருசு. 2022ல பைடன் குடுத்ததுல சீனாவும் ரஷ்யாவுந்தான் வில்லன். டிரம்ப் குடுத்ததுல ஐரோப்பா பகுதிக்கு வந்தா, ரஷ்யாவ விட்டுட்டு ஐரோப்பாக்காரனத்தான் போட்டு வறுத்து வச்சிருக்கு. உலகப் பொருளாதாரத்துல ஒங்க பங்கு 1990ல 25 சதவீதம், இப்ப 14தான்னு கணக்கு காட்டிட்டு, அதவிடப் பெரிய ஆபத்து நாகரிகம் அழியுறதுதாங்கு, காரணம் குடியேத்தம், கொழந்த பெறப்பு கொறஞ்சது, ஐரோப்பிய யூனியன், பேச்சுரிமைய நெரிக்கதுன்னு வரிசையா அடுக்குது. அங்க 'தேசபக்தி' கட்சிங்க வளருறது நம்பிக்கையா இருக்குன்னு வேற எழுதிருக்காவ. சம்பந்தி வீட்டு அடுப்படிக்குள்ள போயி கொழம்புல உப்பு பத்தலன்னு சொல்லுத கதைதான்.

இது திடீர்னு வந்ததும் இல்ல. 2017லயே வார்சாவுல டிரம்ப், மேற்கு நாடுகளுக்கு உயிர் பொழைக்கிற மன உறுதி இருக்கான்னு கேட்டாரு, 2025 பிப்ரவரில ஜெர்மனி மூனிச்ல அவரோட துணை ஜனாதிபதி வான்ஸ் ஐரோப்பாக்காரங்களப் பாத்து, ஆபத்து வெளியேந்து இல்ல, ஒங்களுக்குள்ளயேதான்னாரு.

எனக்கு இதுல ஒரே இடறல்தான். ஏவுகணைய எண்ணிப்புடலாம், நாகரிகத்த எத வச்சு எண்ணுவாவ? கடைசில ஆள் தலைய எண்ணுததுலதான் வந்து நிக்கும். நேட்டோங்க ராணுவக் கூட்டணில இருக்க சில நாட்டுல இன்னும் சில பத்தாண்டுக்குள்ள ஐரோப்பியர் அல்லாதவங்க மெஜாரிட்டி ஆயிருவாங்கன்னு அந்த பேப்பர்லயே இருக்கு. அந்த 'அல்லாதவங்க'ள்ல உம்ம மச்சானும் உண்டு வே. ஆனா அவன் வேலைக்கு இப்பம் ஒண்ணும் ஆவாது, அமெரிக்கா எழுதி ஜெர்மனி விசா மாறாது. 2024 அக்டோபர்லதான் நம்ம ஆளுகளுக்கு ஸ்கில் விசாவ (தொழில் தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கது) வருசம் 20,000லேந்து 90,000ஆ கூட்டுதோம்னாவ, அங்க ஆள் பத்தல. ஆனா குடியேத்தம் வேண்டாம்ங்க ஏஎஃப்டி கட்சி 2025 தேர்தல்ல 20.8 சதவீதம் வாங்கி ரெண்டாவதா வந்துருக்கு, அதக் கவனிக்கச் சொல்லும்.

கேள்வி: பிள்ள பெறப்பு கொறஞ்சா நாகரிகம் அழிஞ்சிருமா அண்ணாச்சி?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: ஜெர்மனில ஒரு பொம்பளைக்கு சராசரி 1.35 பிள்ள (2024 கணக்கு), நம்ம தமிழ்நாட்டுல 1.3 (2023 கணக்கு), அப்ப நாமளும் அழிஞ்சிரணும்லா! முதியோர் பென்சனுக்கு யார் சம்பாதிக்கிறதுங்கது நெசமான கவலைம்மா. அத நாகரிகத்தோட போட்டு முடிச்சு போடக்கூடாது. அயர்லாந்துல பெறந்த கால்டுவெல் இடையன்குடில உக்காந்து தமிழ் படிச்சு 1856ல திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் போட்டாரே, அத எந்த நாகரிகக் கணக்குல எழுதுவாவ?

கேள்வி: நம்ம இந்தியாவுக்கு இப்படி வியூகம் உண்டா?
(வாசகர், ராதாபுரம்)

பதில்: எழுதி வெளியிட்டது ஒண்ணும் கெடையாது. ஒங்க ஊரச் சுத்தி ஒரு வண்டிய எடுத்துட்டுப் போனாலே பாதி வெளங்கிரும்: கூடங்குளத்துல ரஷ்யா குடுத்த 1000 மெகாவாட் உலை, மகேந்திரகிரில ராக்கெட் இஞ்சின் சோதனை, விஜயநாராயணத்துல நீர்மூழ்கிக்கு சிக்னல் அனுப்புத கடற்படைக் கோபுரம். அந்த அமெரிக்க பேப்பர்லயும் இந்தியாவோட வியாபார உறவ வளக்கணும்னு ஒரு வரி இருக்கு. அதுக்கு மூணு மாசம் முந்தி நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் அவங்கதான்.