நம் காவல் நிலையத்துக்குக் கருவிகள் வேண்டும்: யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் காவல் நிலையத்தின் எல்லைக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் வருகின்றன. நான்குவழிச் சாலை ஊரை ஒட்டிச் செல்வதால் விபத்துகளும், இருட்டிய பிறகு நகைப் பறிப்பும் நடக்கின்றன. நிலையத்தின் ரோந்து வாகனம் மிகப் பழையது. சாலைச் சந்திப்பில் கண்காணிப்புக் கேமரா இல்லை. காவல்துறைக்குக் கருவிகள் வாங்க மத்திய அரசு நிதி தருவதாகப் படித்தேன். எங்கள் ஊர் நலச் சங்கம் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா?
- நலச் சங்கச் செயலாளர் ஒருவர், விருதுநகர் மாவட்டம்

பதில்: நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. ஆனால் அந்த நிதி உங்கள் ஊர்ப்பக்கம் திரும்புவதற்கு உங்கள் சங்கம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள துறை. ஆகவே மத்திய அரசு காவல் நிலையங்களுக்கோ சங்கங்களுக்கோ பணம் தருவதில்லை. மாநில அரசுக்குத்தான் தருகிறது. நீங்கள் படித்தது காவல் படைகளை நவீனமாக்கும் திட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். 1969-70 முதல் பல வடிவங்களில் நடந்துவரும் இத்திட்டத்தில், மாநிலக் காவல் படைகளுக்கென்று 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 4,846 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு இது 90-க்கு 10. ஐந்தாண்டுக்கான தொகையை எல்லா மாநிலங்களுக்கும் பிரித்து, ஆயுதம், தகவல் தொடர்பு, தடயவியல், பயிற்சி என்று பங்கிட்டபின் ஒரு காவல் நிலையத்துக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். இதனால்தான் இந்த ஒரு கதவை மட்டும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறேன்.

நிலையத்தின் தேவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வழியாகக் காவல்துறைத் தலைமை அலுவலகத்துக்குச் சென்று, அங்கிருந்து உள்துறைக்குப் போய், மாநில ஆண்டுச் செயல்திட்டத்தில் இடம்பெற்று, அதன் பிறகே மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதலுக்குச் செல்கிறது. முன்பு பெற்ற பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்படாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். கருவி வராததற்குப் பணமின்மைதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, கணக்கு ஒப்படைக்கப்படாததே காரணமாக இருப்பதும் உண்டு.

இந்தப் பயணத்தின் தொடக்கப் புள்ளி காவல் நிலையம் எழுதும் கருத்துருதான். அதற்கு வலுச் சேர்ப்பதே உங்கள் வேலை. 'கேமரா வேண்டும், வாகனம் வேண்டும்' என்று ஒற்றை வரியில் எழுதப்படும் மனு கோப்பில் தூங்கிவிடும். கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தச் சந்திப்பில் நடந்த விபத்துகள் எத்தனை, எந்த நேரத்தில், எந்தத் திசையில் சென்ற வாகனங்களால். நகைப் பறிப்புகள் எந்தெந்தத் தெருவில். நிலையத்திலிருந்து கடைசிச் சிற்றூர் எத்தனை கிலோமீட்டர். இரவு அழைப்புக்கு வாகனம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையெல்லாம் ஆய்வாளருடன் அமர்ந்து தொகுத்து எழுதுங்கள். கேமராக் கம்பங்களுக்கான இடங்களை வரைபடத்தில் குறித்து, மின் இணைப்பு எங்கிருந்து கிடைக்கும் என்பதையும் சேருங்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கேற்ற கருவியும் பதிவுகளைச் சேமிக்கும் வசதியும் நிலையத்தில் இல்லையென்றால், சட்டமே கட்டாயமாக்கிய தேவை என்று மனுவில் அழுத்தமாகச் சொல்லலாம்.

மனுவைக் கண்காணிப்பாளரிடம் நேரில் கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் ஒரு படி கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். துறைகள் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்குக் கணக்குத் தயாரிப்பதற்கு முன்பே, அதாவது ஆண்டின் நடுப்பகுதியிலேயே, மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் கொடுத்தால் ஓராண்டு வீணாகும்.

சாலைச் சந்திப்புக் கேமராவுக்கு இதைவிடக் குறுகிய வழி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டுக்காக ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும், தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி ரூபாயும் ஒதுக்கப்படுகின்றன. உறுப்பினர் பரிந்துரைப்பார், ஒப்புதலும் செயலாக்கமும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பணம் உறுப்பினரின் கைக்கும் வராது, சங்கத்தின் கைக்கும் வராது. ரோந்து வாகனத்தை இந்தக் கோரிக்கையோடு கலக்காதீர்கள். அது காவல்துறையின் சொந்த மானியக் கோரிக்கையில், அதாவது அத்துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கேட்டுப் பெறும் நிதியில், அடங்க வேண்டிய செலவு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், வாகனத்துக்கு வழியில்லை என்ற ஒரே காரணத்தால் கேமராவும் சேர்ந்து நிராகரிக்கப்படலாம்.

என் மனத்தை மிகவும் உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் திறப்பு விழா கண்ட கேமராக்களைப் பிறகொரு முறை போய்ப் பார்த்தபோது, பெரும்பாலானவை வெறும் கூடுகளாகத் தொங்கின. இடிமின்னலில் பழுதானவற்றைச் சரிசெய்ய யாரிடமும் பணம் இல்லை. மின் கட்டணம் யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தத் தெருவில் சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு மூதாட்டி, கேமரா இருக்கிறதே என்ற நம்பிக்கையில் நிலையத்துக்குப் போய் வெறுங்கையுடன் திரும்பினார். ஆகவே மதிப்பீட்டிலேயே குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், மின் கட்டணம், இணைய இணைப்பு, பதிவுகளைப் பார்க்கும் பொறுப்பாளர் ஆகியவை இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். கேமராக்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க நேர்ந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதித் தொழிலதிபர் ஒருவர் காவல் நிலையத்துக்கு வாகனமும் கேமராக்களும் தன் செலவில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அரசுப் பணத்துக்காகக் காத்திருப்பதைவிட இது மேலல்லவா?
- வாசகி ஒருவர், திருப்பூர்

பதில்: பொதுத் தெருவில் கேமரா வைக்கக் குடியிருப்போரும் வணிகர்களும் பங்களிப்பது நமக்குப் புதிதல்ல. சென்னையில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் மாநகரக் காவல்துறை முன்னெடுத்த முயற்சியில் ஆயிரக்கணக்கான கேமராக்கள் அவ்வாறு பொருத்தப்பட்டன. பலர் கூடிச் சிறுசிறு தொகையாகக் கொடுக்கும்போது யாருக்கும் தனி உரிமை பிறப்பதில்லை.

ஒரே ஒருவர் வாகனம் வாங்கித் தருவதை நான் அப்படிப் பார்க்கவில்லை. நாளை அவருடைய ஆலையில் ஒரு தொழிலாளி இறந்துவிட்டால், அவர் கொடுத்த வாகனத்தில் வந்து இறங்கும் அதிகாரி நேர்மையாகவே விசாரித்தாலும் அந்தத் தொழிலாளியின் குடும்பம் அதை நம்புமா? நம்பிக்கை போய்விட்டால் எந்தக் கருவியும் அதை ஈடுசெய்யாது. அவர் உதவ விரும்பினால், நிலையத்தில் எதையும் ஒப்படைக்காமல், பொது இடத்துக்கான திட்டம் ஒன்றில் உள்ளாட்சி அமைப்பு வழியாகப் பங்களிக்கலாம். 'நமக்கு நாமே' திட்டம் மக்கள் பங்களிப்பை அரசுப் பணத்தோடு இணைப்பதற்காகவே உருவானது. பணிக்குத் தணிக்கை இருக்கும்.

கேள்வி: தெருவில் கேமரா வைக்கும் காவல்துறை, நிலையத்துக்குள் வைக்க வேண்டாமா? அதற்கும் நிதி கேட்கலாமா?
- கல்லூரி மாணவர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: கட்டாயம் கேட்கலாம், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதற்குச் சட்ட வலு அதிகம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்கப், நடைவழி, வரவேற்பிடம், ஆய்வாளர் அறை உள்ளிட்ட இடங்களில் ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும் என்று ஆணையிட்டது. பதிவுகளை 18 மாதங்கள் சேமிக்க வேண்டும். அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி சந்தையில் இல்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இதற்குப் போதிய நிதி ஒதுக்குவது மாநில அரசுகளின் கடமை என்றும் அந்த ஆணை கூறுகிறது.

உங்கள் மாவட்டத்தில் இருப்பவருக்கு இதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், பதிவுக் கருவியில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். கேமரா இருந்தது, பதிவு இல்லை. எனவே, 'எத்தனை கேமராக்கள்' என்பதோடு நிறுத்தாமல், 'எத்தனை நாள் பதிவு இப்போது கையில் இருக்கிறது, யார் சரிபார்க்கிறார்கள்' என்றும் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதற்கும் அந்த ஆணையிலேயே விடை உண்டு. கேமராக்களின் இயக்கத்தையும் பராமரிப்பையும் கண்காணிக்க மாவட்டந்தோறும் ஒரு குழு அமைக்கச் சொன்ன நீதிமன்றம், அதில் ஆட்சியரோடும் காவல் கண்காணிப்பாளரோடும், மாநகர மேயர் அல்லது ஊரகப் பகுதியில் மாவட்ட ஊராட்சித் தலைவரும் இடம்பெற வேண்டும் என்றது. மனுவின் ஒரு படியை, நீங்கள் வாக்களித்த உள்ளாட்சி அமைப்பிலிருந்து அக்குழுவில் அமரும் அவருக்கும் அனுப்பி வையுங்கள்.